நல்ல ஆட்களே சேர்ந்து ஒரு வீட்டு வாசலில் குந்தி இருக்கிறார்கள். இது எப்படி நடக்கிறது?

நிலாவெளிக்காரி கேட்டது:

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு குழு லோன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நாலைந்து பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு, பல குழுக்கள் சேர்ந்தால் ஒரு சென்டர், கிழமையில் ஒரு நாள் யாராவது ஒருத்தியின் விறாந்தையில் கூட்டம். கம்பனியில் இருந்து ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் வருவார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் முடியாது, ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது.

பக்கத்து வளவு அக்காவின் கணவர் சின்ன வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று எழும்பினால் வள்ளம் கரையில்தான் கிடக்கும், இங்கே எல்லோருக்கும் தெரிந்த விசயம். ஆனால் கிழமைக் கட்டுக்கு மாரியும் இல்லை கோடையும் இல்லை. அக்காவால் தொடர்ந்து கட்ட முடியவில்லை, வெட்கத்தில் கூட்டத்துக்கும் வரவில்லை. வந்த பெடியன் சத்தம் போடவே இல்லை. பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கொப்பியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "நான் இருக்கிறேன், நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ, இது உங்கட குழுப் பிரச்சினைதானே" என்றார். அவ்வளவுதான். பெண்கள் எழும்பிப் போனார்கள், என் அம்மாவும் போனார். அந்த அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் கூட நின்றவர்கள், அவரின் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர்கள். வாசலில் குந்தினார்கள், இருட்டும் வரைக்கும் எழும்பவில்லை. ஒருவர் அடுப்படிக்குள் போய் காஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, இதை யாரிடமாவது கொடுத்தால் இந்தக் கிழமைக்குக் காணுமே என்று கேட்டார். கடைசியில் அக்கா மகளின் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். பிள்ளை அழவில்லை, தலையைச் சாய்த்துக் காட்டிக்கொண்டு நின்றது.

அம்மாவிடம் ஏன் போனீர்கள் என்று கேட்டேன். "சேர் இருக்கிறார், எல்லாரும் போயிட்டினம், நான் மட்டும் எப்படி இருக்கிறது" என்றார். அந்தச் சேருக்கு என்னைவிட வயது குறைவு.

என் அம்மா கெட்டவர் இல்லை, மற்ற ஆட்களும் அப்படித்தான். படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இது மனிதரின் குணமா? அப்படி என்றால் ஒன்றும் செய்ய ஏலாதா?

---

உவர்மலை வாசி:

தங்கச்சி, நான் உளவியல் படித்தவன், பாடசாலையில் ஆலோசனை ஆசிரியராக இருக்கிறேன். நீங்கள் விறாந்தையில் பார்த்ததைக் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு ஆய்வுகூடத்துக்குள் 1961இல் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம், ஸ்டான்லி மில்கிராம். பத்திரிகையில் விளம்பரம் போட்டுச் சாதாரண ஆட்களை எடுத்தார், ஞாபகசக்தி பற்றிய ஆய்வு என்று சொல்லி, 4 டொலரும் பயணச் செலவுக்கு 50 சதமும் கொடுத்தார். வந்தவர் ஆசிரியர், அடுத்த அறையில் கதிரையில் கட்டப்பட்டிருப்பவர் மாணவர். மாணவர் பிழை விடும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுவிட்சை அழுத்தி மின்சாரம் பாய்ச்ச வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 15, 15 ஆகக் கூடி 450 வரை. உண்மையில் ஒரு மின்சாரமும் பாயவில்லை, மாணவராக இருந்தவர் நடிக்கப் பழக்கிய ஆள், ஆனால் அழுத்தியவரிடம் அதைச் சொல்லவில்லை. 300 வோல்ட்டில் சுவரில் அடிக்கிற சத்தம் கேட்கும், கொஞ்சத்தில் அதுவும் நின்றுவிடும். பக்கத்தில் சாம்பல் நிறக் கோட் போட்ட ஒருவர் நின்று "தயவுசெய்து தொடருங்கள்" என்பார். துவக்கும் இல்லை, மிரட்டலும் இல்லை. 1963இல் வெளியிட்ட முடிவின்படி 40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள். வியர்த்து, நடுங்கி, உதட்டைக் கடித்து, ஆனாலும் போனார்கள்.

எல்லோரும் இந்த 26ஐச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா மனிதன் இவ்வளவுதான் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மில்கிராம் அந்த ஒரு தடவையோடு நிற்கவில்லை, அறையின் ஒழுங்கை மாற்றி மாற்றித் திரும்பவும் செய்தார், உங்கள் கேள்விக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது. கட்டளை இடுகிறவர் அறையை விட்டுப் போய் டெலிபோனில் சொன்னபோது முடிவு வரை போனவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான். சுவிட்சை இன்னொருவர் அழுத்த, இவர் பக்கத்தில் இருந்து கேள்வியை மட்டும் வாசித்தபோது 40 பேரில் 37 பேர் கடைசி வரை இருந்தார்கள். பக்கத்தில் வேறு இரண்டு பேரை வைத்து, அவர்கள் இடையில் "எங்களால் முடியாது" என்று எழும்பியபோது, 40 பேரில் 4 பேர்தான் 450ஐத் தொட்டார்கள். அதே நகரத்து ஆட்கள், அதே பெட்டி, அதே கோட்.

இப்போது உங்கள் விறாந்தையைப் பாருங்கள். பெடியன் டெலிபோனில் சொல்லவில்லை, கதிரையில் இருக்கிறார். அம்மா தனியாக ஒன்றும் செய்யவில்லை, காஸ் சிலிண்டரைத் தட்டியது வேறு ஒருவர், அம்மா கூட இருந்தார், அவ்வளவுதான். மறுத்து எழும்ப ஒருவரும் இல்லை. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறது. இன்னொன்றும் கேட்கிறேன், இது எடுத்த எடுப்பிலேயே இருட்டும் வரை குந்துவதில் தொடங்கியிருக்காது. முதல் தடவை "ஒரு கோல் எடுத்துப் பாருங்கோ" என்றிருப்பார்கள், பிறகு "ஒருக்கால் எட்டிப் பார்த்திட்டு வாங்கோ", பிறகு "கொஞ்சம் இருந்து பாருங்கோ". சரிதானே?

---

நிலாவெளிக்காரி:

ஓம் சேர், அப்படியேதான் நடந்தது. முதலில் குழுத் தலைவி மட்டும் போவார்.

---

இரவு டியூட்டி:

நான் தாதி, திருகோணமலையில்தான் வேலை, எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. உவர்மலை அண்ணா சொன்னதோடு எங்கள் தொழிலில் நடந்த ஒன்றையும் சேர்க்கிறேன், ஏனென்றால் இதில் கட்டளைக்கு மாற்றாக என்ன வைக்கலாம் என்பதும் தெரியும்.

1966இல் ஹோஃப்லிங் என்ற டொக்டரும் அவருடைய ஆட்களும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு. இரவில் வார்டில் தாதி தனியே நிற்கிறார், டெலிபோன் வருகிறது, அவர் முன்பின் கண்டிராத ஒரு டொக்டர். "அஸ்ட்ரோட்டென் என்ற மருந்து அலுமாரியில் இருக்கும், இன்ன நோயாளிக்கு 20 மில்லிகிராம் கொடுங்கள், நான் வந்து கையெழுத்து வைக்கிறேன்" என்கிறார். மருந்துப் பெட்டியிலேயே ஒரு நாளைக்குக் கூடியது 10 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. டெலிபோனில் மருந்து ஓடர் எடுப்பதே விதிக்குப் புறம்பு. 22 தாதிகளில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனார்கள், வழியில் மறித்துத்தான் நிறுத்தினார்கள், பெட்டியில் இருந்தது வெறும் குளுக்கோஸ். இதே கதையை வேறு தாதிகளிடம் எழுத்தில் கொடுத்து, நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது 12 பேரில் 10 பேர் கொடுக்க மாட்டோம் என்றிருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை, மேசையில் இருந்து யோசிக்கும்போது எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் 1977இல் ராங்க், ஜேக்கப்சன் என்ற இரண்டு பேர் இதைத் திரும்பச் செய்தார்கள். இந்த முறை மருந்து வேலியம், எல்லாத் தாதிகளுக்கும் பழக்கமானது, அளவு கூடினால் என்ன நடக்கும் என்று தெரியும். அதோடு பக்கத்தில் உள்ள மற்றத் தாதிகளிடம் ஒரு சொல் கேட்கவும் முடிந்தது. 18 பேரில் கொடுக்கப் போனவர்கள் 2 பேர்தான்.

எனக்கு இது புத்தகத்தில் படிக்கும் முன்னமே தெரியும். பெரிய டொக்டர் ரவுண்ட்ஸில் அவசரமாக ஒரு அளவைச் சொல்லும்போது தனியே நிற்கிற சின்னப் பிள்ளை வாய் திறக்காது. பக்கத்தில் ஒரு மூத்த தாதி நின்று, "டொக்டர், சார்ட்டில் இப்படி இருக்கிறது, ஒருக்கால் பார்க்கிறீர்களா" என்று கேட்டுவிட்டால் அந்தப் பிள்ளையும் அடுத்த நாள் கேட்கும். துணிச்சல் பிறவியிலேயே வருகிறது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. தங்கச்சி, உங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கணக்குத் தெரியுமா? எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு கட்டியாகிவிட்டது, வட்டி எத்தனை வீதம், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? வேலியம் மாதிரி கையில் இருக்கிற பொருளைப் பற்றித் தெரிந்தால்தான் மறுத்துப் பேச வரும். தெரியாத அஸ்ட்ரோட்டெனுக்கு எல்லோரும் தலையாட்டித்தான் இருக்கிறார்கள்.

---

தம்பலகாமத்தான்:

எனக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை, மன்னிக்க வேண்டும். ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று சொல்லி எல்லோரையும் நல்லவர்களாக்கிவிடுகிறீர்கள். காதில் கிடந்த தோட்டைக் கழற்றும்போது பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கண் இல்லையா? சூழ்நிலை, ஒழுங்கு என்றால் அப்புறம் யார்தான் பொறுப்பு? அந்த 40 பேரில் 14 பேர் இடையில் நிறுத்தினார்களே, அவர்களுக்கும் அதே கோட்தானே, அவர்களைப் பற்றி ஏன் ஒருவரும் கதைப்பதில்லை? போர்க்காலத்தில் இந்த மாவட்டத்தில் என்னென்ன நடந்தது என்று வயதானவர்களுக்குத் தெரியும். மேலே இருந்து சொன்னார்கள் என்ற பதிலை நாங்கள் போதும் போதும் என்று கேட்டுவிட்டோம்.

---

உவர்மலை வாசி:

தம்பலகாமத்தான், நீங்கள் கோபப்படுவது நியாயம், நான் பொறுப்பைத் துடைக்க வரவில்லை. 14 பேரைப் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி, பின்னால் வந்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள். ஜினா பெரி என்ற அவுஸ்திரேலிய எழுத்தாளர் யேலில் இருக்கிற பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு 2012இல் எழுதினார்: கோட் போட்டவர் எழுதிவைத்த நாலு வசனத்தோடு நிற்கவில்லை, சிலரோடு நெடுநேரம் வாதாடியிருக்கிறார், இது நடிப்பு என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்திருக்கிறார்கள். ஆகவே 65 வீதம் என்பதை வேதவாக்காக எடுக்கக் கூடாது.

அதைவிட முக்கியமானது ஸ்டீபன் ரைக்கர், அலெக்ஸ் ஹஸ்லம் என்ற இருவர் காட்டியது. அந்த நாலு வசனத்தில் "ஆய்வுக்கு இது தேவை" என்று சொன்னபோது ஆட்கள் தொடர்ந்தார்கள். "உங்களுக்கு வேறு வழி இல்லை, செய்தே ஆக வேண்டும்" என்ற கடைசி வசனம் ஒன்றுதான் பச்சைக் கட்டளை, அதைக் கேட்டதும் அநேகமானவர்கள் மறுத்துவிட்டார்கள். வெறும் கட்டளைக்கு மனிதர் அவ்வளவு இலகுவில் பணிவதில்லை. நாங்கள் ஒரு நல்ல காரியத்துக்கு உதவுகிறோம் என்று நம்பினால்தான் பணிகிறார்கள். அந்தப் பெடியன் "போய்க் காசை வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று அதட்டியிருந்தால் நிலாவெளிப் பெண்கள் நல்ல பேச்சுக் கொடுத்திருப்பார்கள். அவர் சொன்னது "உங்கட குழுப் பிரச்சினை". குழுவின் பெயர் கெடக் கூடாது, மற்றவளுக்கு அடுத்த லோன் தடைப்படக் கூடாது, ஒருத்தி செய்த பிழைக்கு எல்லோரும் ஏன் கட்ட வேண்டும், இதெல்லாம் அந்தப் பெண்களுக்கு நியாயமாகவே பட்டிருக்கும். அந்த நியாயத்தை நம்பினார்களே, அதற்குப் பொறுப்பு அவர்களுடையதுதான், நீங்கள் சொல்வது போல. ஆனால் நம்பிக்கை என்றால் கதைத்து மாற்றலாம், குணம் என்றால் ஏலாது. நான் ஒழுங்கைப் பற்றிக் கதைப்பது அதற்காகத்தான்.

---

மூதூர் பெடியன்:

நான் கொஞ்சக் காலம் அந்த வேலை செய்தவன், இப்போது வேறு வேலை. பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். கதிரையில் இருக்கிறவருக்குப் பின்னாலும் ஒரு கதிரை இருக்கிறது. காலையில் கூட்டம், ஒவ்வொருவரும் எழும்பி நின்று தன்னுடைய அரியர்ஸ், அதாவது வசூலாகாமல் நிற்கிற பாக்கி, எவ்வளவு என்று எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். பின்னேரம் காசு முழுதாக வராமல் ஒபிசுக்குத் திரும்பக் கூடாது, மனேஜர் போன் எடுத்துக்கொண்டே இருப்பார், அவருக்கு மேலே இருந்து வட்டாரத்துக்குப் பொறுப்பானவர் எடுத்துக்கொண்டிருப்பார். பழைய ஆட்கள் சொல்லித் தருவது ஒன்றே ஒன்றுதான்: நீ கேட்காதே, குழுவை விட்டுக் கேள். நீ கேட்டால் பொலிஸில் முறைப்பாடு வரும், குழு கேட்டால் ஊர்ச் சண்டை. உவர்மலை சேர் சொன்ன அந்த 37 பேர் கணக்கை எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை, ஆனால் தொழில் நடந்தது அதை வைத்துத்தான்.

இன்னொன்று, இது பெண்களுக்கு உதவும். ஒரு சென்டரில் இரண்டு மூன்று பேர் ஒன்றாக "நாங்கள் எங்கட காசைக் கட்டிவிட்டோம், வீட்டுக்குப் போகிறோம்" என்று எழும்பிவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. தனியே ஒருத்தி சொன்னால் கதைத்துச் சமாளித்துவிடுவோம், குழுத் தலைவியை வைத்து மடக்குவோம். இரண்டு பேர் என்றால் கொப்பியை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். அப்படி எழும்பின சென்டர்களைப் பற்றி ஒபிசில் தனியாகக் கதைப்பார்கள், அங்கே போக எல்லோரும் தயங்குவார்கள்.

---

கிண்ணியா ராத்தா:

நான் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறேன். மூதூர்த் தம்பி சொன்ன அந்த "இரண்டு பேர்" விசயத்தை 1950களிலேயே சொலமன் ஆஷ் காட்டியிருக்கிறார், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சோதனை. கண்ணுக்கு முன்னால் எந்தக் கோடு சமம் என்று பச்சையாகத் தெரிகிறது, ஆனால் முன்னே இருந்த எல்லோரும் வேண்டுமென்றே பிழையாகச் சொல்ல, வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூடவே பிழையாகச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால் அந்த இழுப்பு அநேகமாக இல்லாமல் போய்விட்டது. வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் வெகுவாகக் குறைந்தது.

சரி, நான் சொல்ல வந்தது கடன் பற்றி. குழு கட்டாவிட்டால் கடன் திரும்பாது, ஏழைகளிடம் ஈடு இல்லை, அதனால் இந்த வாசல் குந்தல் தேவை என்று கம்பனிகள் சொல்லும், எங்கள் ஆட்களும் நம்புவார்கள். இந்த முறைக்குப் பெயர்போன பங்களாதேஷ் கிராமீன் வங்கியே 2000க்குப் பிறகு தன் விதிகளை மாற்றியபோது, ஒருவரின் கடனுக்கு மற்றவர் பொறுப்பில்லை என்று ஆக்கிவிட்டது. பிலிப்பைன்ஸில் ஜினே, கார்லன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு வங்கியோடு சேர்ந்து பார்த்தார்கள். சில சென்டர்களில் குழுப் பொறுப்பை எடுத்துவிட்டு அவரவர் கடனுக்கு அவரவர் என்று ஆக்கினார்கள், கிழமைக் கூட்டம் மட்டும் அப்படியே இருந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகும் கடன் திரும்பி வருவதில் வித்தியாசம் இல்லை. அப்படியானால் அந்தப் பிள்ளையின் தோடு எதற்குக் கழன்றது? இதை யோசித்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஏதோ தவிர்க்க முடியாத சடங்கு மாதிரி எங்கள் பெண்கள் ஒருவர் வாசலில் ஒருவர் போய்க் குந்துகிறார்கள்.

எங்கள் சங்கத்தில் மாரி மாதங்களில் மீன்பிடிக் குடும்பங்களுக்கு வட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, கடல் அமைந்த பிறகு முதலைக் கட்டவிடுகிறோம். நெல் செய்கிறவர்களுக்கு அறுவடையோடு. யாரும் ஓடிப் போகவில்லை.

---

தம்பலகாமத்தான்:

ராத்தா சொன்ன மாதிரி அறுவடைக்குப் பிறகு கட்டுகிற ஒழுங்கு எங்கள் பக்கத்திலும் முந்தி இருந்தது. மூதூர்த் தம்பி வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. என் கருத்தில் மாற்றம் இல்லை, வாசலில் இருந்தவர்கள் அந்த அக்காவிடம் போய்க் கதைக்க வேண்டும். ஆனால் இரண்டு பேர் எழும்பினால் காணும் என்பது எனக்குத் தெரியாது, ஊர் முழுக்க எழும்ப வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

---

நிலாவெளிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இதை அப்படியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 37 பேர் கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த ரெண்டு பேர் எழும்பினது எப்பிடி, முதலே கதைச்சு வைச்சவையோ" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவுக்கு ஒரு ஆள் மனதில் இருக்கிறது, சென்டரில் அவரோடு ஒட்டு. இந்தக் கிழமைக் கூட்டத்துக்கு முதல் கதைத்துப் பார்க்கிறேன் என்கிறார். வேறு என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

---

உவர்மலை வாசி:

அம்மாவுக்குச் சொல்லுங்கள், ஓம், அந்த இரண்டு பேரும் மில்கிராமின் ஆட்கள், முன்னமே சொல்லிவைத்தவர்கள். ஒருவர் 150 வோல்ட்டில் எழும்பினார், மற்றவர் 210இல். பக்கத்தில் இருந்தவருக்கு அது தெரியாது, ஆனாலும் வேலை செய்தது. ஆகவே முதலே கதைத்து வைப்பதில் ஒரு பிழையும் இல்லை. யார் முதலில் எழும்புவது, என்ன வசனம் சொல்வது என்று வீட்டில் இருந்து ஒருக்கால் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டம் தொடங்கினவுடனேயே சொல்ல வேண்டும். வாசலுக்குப் போய்க் குந்தின பிறகு எழும்புவது கஷ்டம்.

---

கிண்ணியா ராத்தா:

தங்கச்சி, அம்மாவின் பாஸ் புத்தகம், ஒப்பந்தம் இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒப்பந்தத்தின் பிரதி கையில் இல்லை என்றால் அந்தப் பெடியனிடம் எல்லோருக்கும் முன்னால் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தோடு மத்திய வங்கி இந்தக் கம்பனிகளுக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியது, உரிமம் உள்ளவற்றின் பட்டியல் அவர்களின் இணையத்தளத்தில் இருக்கிறது, உங்கள் கம்பனி அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருகோணமலையிலேயே மத்திய வங்கியின் மாகாண அலுவலகம் இருக்கிறது, அம்மாவையும் அவரின் சிநேகிதியையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டம் நடக்கும்போது நீங்களும் விறாந்தையில் ஒரு ஓரமாக இருங்கள், கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு.